ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

என் பெரிய தாத்தாவின் செருப்பை யாரும் தவறிப்போய்க்கூட மாட்டிக்கொண்டு போக மாட்டார்கள். கல்யாண வீட்டு வாசலில் ஐம்பது ஜோடி கிடந்தாலும் அது தனியாகத் தெரியும். ஸ்பாஞ்சு மாதிரி தடித்த கறுப்பு அடி, முன்னால் இரண்டு அகலமான பட்டை, குதிகாலைச் சுற்றி ஒரு வார். ஆணி ஒன்றுகூட இருக்காது.

எங்கள் ஊர் அணைக்கட்டுக்கும் ஒடுகத்தூருக்கும் நடுவில். வீட்டுக்கு ஒருவர் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். வெளிச்சம் வருவதற்குள் கம்பெனி பஸ் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். வெளிநாட்டுக்காரர்கள் காலுக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிற ஊரில், அவருடைய செருப்பு மட்டும் காட்பாடியைத் தாண்டி கரிகிரியிலிருந்து வரும். "கரிகிரி செருப்பு" என்று நாங்கள் பையன்கள் சொல்லிச் சிரிப்போம். அதற்கு அர்த்தம் எங்களுக்குத் தெரியாது. பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் யாராவது அப்படிச் சொன்னால் முதுகில் ஒன்று விழும்.

அவருக்குச் சூடு தெரியாது. டீ டம்ளரைத் துண்டால் சுற்றித்தான் பிடிப்பார். "தாத்தாவுக்கு வாதம்" என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். நான் எட்டாவது படிக்கும்போது இறந்துபோனார். அவருக்கு இருந்தது தொழுநோய் என்பது எனக்குத் தெரிந்தது, எனக்கும் அது வந்த பிறகுதான்.

*

மூன்று வருடம் முன்பு, பெங்களூரில், இடது சுண்டுவிரல் மரத்துப்போக ஆரம்பித்தது. நான் மென்பொருள் எழுதுகிறவன். பத்து மணி நேரம் முழங்கையை மேசையில் ஊன்றி உட்கார்கிற உடம்பு. காட்டிய டாக்டரும் அதையேதான் சொன்னார்: முழங்கைக்குப் பின்னால் நரம்பு அழுந்துகிறது, நாற்காலியை மாற்று, வைட்டமின் சாப்பிடு. தவறான பதில் என்று சொல்ல முடியாது. என் தொழிலைக் கேட்டால் யாருக்கும் முதலில் அதுதான் தோன்றும். முன்கையில் லேசாக வெளுத்த ஒரு படை இருந்ததை நான் காட்டவில்லை. அவரும் சட்டைக் கையை மடிக்கச் சொல்லவில்லை.

நாற்காலி மாறியது. நான்கு மாதம் போனது. அந்தப் படையின் மேல் கொசு கடித்தால் தெரியவில்லை என்பதை நான் கவனித்துவிட்டேன். கூகிளில் தேடியும் பார்த்துவிட்டேன். பிறகு அந்தத் தேடலை அழித்தேன். வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அம்மா பார்த்துவிட்டாள். கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தேன். கையைப் பிடித்துத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி சாப்பாடு போடும்போது மட்டும் சொன்னாள்: "கல்யாணம் முடியட்டும் கண்ணு. அப்புறமா காட்டிக்கலாம்."

மறுநாள் காலையில் அவளே என்னை எழுப்பினாள். "எந்திரி. கரிகிரி போலாம்." ராத்திரிக்கும் காலைக்கும் நடுவில் அவளுக்குள் என்ன நடந்தது என்று கேட்டதற்கு, அப்போது பதில் சொல்லவில்லை.

கரிகிரியில் டாக்டர் முதலில் என் கண்ணைப் பார்த்தார். பிறகு முழங்கைக்குப் பின்னால், எலும்பு மேட்டை ஒட்டிய பள்ளத்தில், விரலை வைத்து உருட்டினார். இரண்டு கையிலும் மாறி மாறி. "இங்க தொட்டுப் பாருங்க" என்று என் விரலையே எடுத்து வைத்தார். வலது பக்கம் நரம்பு மெலிசாக நழுவியது. இடது பக்கம் ஒரு சார்ஜர் ஒயர் அளவுக்கு இருந்தது. "ஒயர் வீங்கல. ஒயரைப் பாத்துக்கிற செல்லுக்குள்ள கிருமி உக்காந்திருக்கு. ஷ்வான் செல்னு பேரு. படிச்சிருப்பீங்களே?"

பிளஸ் டூவில் படித்திருந்தேன். இரண்டு மார்க் கேள்வி. அன்றைக்கு ராத்திரியிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரை அந்தப் படிப்பின் மிச்சம்.

*

தியோடர் ஷ்வான் ஜெர்மனியின் நாய்ஸ் என்ற ஊரில் 1810இல் பிறந்தவர். பெர்லினில் யோஹானஸ் முல்லரிடம் உதவியாளராக இருந்தார். 1836இல் வயிற்றில் புரதத்தைச் செரிக்க வைக்கும் பெப்சினைக் கண்டுபிடித்தார். 1839இல், 28 வயதில், விலங்குகளும் தாவரங்களைப் போலவே செல்களால் ஆனவை என்று காட்டும் புத்தகத்தை வெளியிட்டார். செல் கோட்பாடு என்று நாம் பள்ளியில் படித்தது அதுதான். நரம்பு நாரை ஒட்டி உட்கருக்கள் வரிசையாக இருப்பதையும் அவர் அதில் வரைந்திருந்தார். அந்தச் செல்கள் சங்கிலியாகச் சேர்ந்துதான் நரம்பு நார் உருவாகிறது என்று நினைத்தார். அது தவறு. நார் என்பது முதுகுத்தண்டிலோ அதன் அருகிலோ இருக்கும் ஒரு நரம்புச் செல்லின் நீண்ட வால். அதை ஆக்ஸான் என்கிறோம். ஷ்வான் பார்த்தவை அந்த வாலைக் கட்டிக்கொண்டிருக்கும் வேறு செல்கள். அவை என்ன செய்கின்றன என்பது தெரியாமலேயே அவர் 1882இல் இறந்தார். பெயர் மட்டும் நின்றது.

பதில் துண்டு துண்டாக வந்தது. நரம்பைச் சுற்றியிருக்கும் கொழுப்புப் பொருளுக்கு 1854இல் ருடால்ஃப் விர்க்கோவ் மயலின் என்று பேர் வைத்தார். அந்த உறை தொடர்ச்சியாக இல்லை, இடையிடையே சின்ன இடைவெளி இருக்கிறது என்பதை 1870களில் பாரிஸில் லூயி ரான்வியே கண்டார். உறை எப்படி உருவாகிறது என்பதற்கு இன்னும் எண்பது வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1954இல் பெட்டி கெரென் கோழிக் கருவின் நரம்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, ஷ்வான் செல்லே தன் சவ்வை ஆக்ஸான் மேல் சுருள் சுருளாகச் சுற்றுகிறது என்று காட்டினார். மயலின் என்பது செல் கக்கிய பூச்சு அல்ல. செல்லின் உடம்பேதான், பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டப்பட்டது.

என்னைப் போன்றவர்களுக்கு உடனே வரும் உவமை ஒயருக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறை. பாதிதான் சரி. பிளாஸ்டிக் உறை மின்சாரம் கசியாமல் காக்கும், அவ்வளவுதான். ஷ்வான் செல் உறையோ, நடுவில் இடைவெளி விட்டு விட்டு நிற்கிறது. சிக்னல் அந்த இடைவெளிகளில் மட்டும் புதுப்பிக்கப்பட்டு, ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது. நெட்வொர்க் ஆட்கள் இதை ரிப்பீட்டர் என்பார்கள். உறை இல்லாத மெல்லிய நார்களில் சேதி வினாடிக்கு ஒரு மீட்டர் அளவில் நடந்து போகிறது. தடித்த உறை போட்ட நாரில் அதே சேதி வினாடிக்கு நூறு மீட்டர் வரை ஓடும். உறை இல்லாத நார்களுக்கும் ஷ்வான் செல் உண்டு. அங்கே ஒரு செல் பல நார்களை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சூடும், மெதுவாகப் பரவுகிற வலியும் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகின்றன.

உறை போடும் ஷ்வான் செல் ஒன்று ஒரே ஆக்ஸானுக்கு, அதிலும் அதிகமாய்ப் போனால் ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டிய நீளத்துக்குத்தான் உறை போடும். முழங்கையிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை ஏறக்குறைய 40 சென்டிமீட்டர். அப்படியென்றால் ஒரே ஒரு நாருக்கு நூற்றுக்கணக்கான செல்கள், கைக்குக் கை மாற்றுகிற மாதிரி வரிசையில் நிற்கின்றன.

*

நல்ல காலத்தில் ஷ்வான் செல்லின் வேலை இது. கெட்ட காலத்தில் அது செய்வது இன்னும் பெரிது.

1850இல் லண்டனில் பொது மருத்துவராக இருந்த அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்குக்குப் போகும் நரம்பை வெட்டிவிட்டுக் காத்திருந்தார். வெட்டுக்கு அந்தப் பக்கம், அதாவது உடலின் தலைமையிடத்திலிருந்து துண்டிக்கப்பட்ட பக்கம், சில நாளில் நார்கள் உடைந்து துகளாகிப்போயின. இப்போதும் அதை வாலேரியச் சிதைவு என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சிதைவு நாசமல்ல, ஒரு துப்புரவு வேலை. ஆக்ஸான் போனதும் ஷ்வான் செல் தன் உறையைத் தானே உடைத்துத் தின்ன ஆரம்பிக்கிறது. விழுங்கணுக்களைக் கூப்பிட்டு மிச்சத்தையும் சுத்தம் செய்கிறது. பிறகு தன் முதிர்ச்சியை விட்டுவிடுகிறது. உறை போடுகிற மரபணுக்களை அணைத்துவிட்டு, இளமையில் இருந்த நிலைக்குக் கிட்டத்தட்டத் திரும்பி, பெருகி, பழைய குழாய்க்குள்ளேயே நீண்டு வரிசைகட்டி நிற்கிறது. ஆக்ஸானை வரவழைக்கும் வளர்ச்சிப் பொருட்களைச் சுரக்கிறது. புதிதாக முளைத்த ஆக்ஸான் முனை அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வரும். வந்து சேர்ந்ததும் செல் மறுபடி பெரிய ஆளாகி, உறை போடத் தொடங்கும். ஸ்பெயினின் ரமோன் இ கஹால் இந்தப் பயணத்தை வெள்ளி உப்புச் சாயத்தில் வரைந்து, 1913–14இல் இரண்டு தொகுதிகளாகவே எழுதினார்.

மூளையிலும் முதுகுத்தண்டிலும் இது நடப்பதில்லை. அங்கே உறை போடுவது வேறு வகைச் செல். அதனால் ஒரு காலத்தில் மூளையின் நார்களுக்கு வளரும் சக்தியே இல்லை என்று நினைத்தார்கள். 1981இல் சாமுவேல் டேவிட், ஆல்பர்ட் அகுவாயோ இருவரும் எலியின் கால் நரம்புத் துண்டு ஒன்றைத் மூளையின் அடியில் உள்ள முகுளத்துக்கும் முதுகுத்தண்டுக்கும் பாலமாக வைத்தார்கள். வளராது என்று நினைத்த நார்கள் அந்தப் பாலத்துக்குள் சென்டிமீட்டர் கணக்கில் வளர்ந்தன. நார்களுக்கு வளரத் தெரிந்திருந்தது. பக்கத்தில் ஷ்வான் செல் இருந்த இடத்தில் வளர்ந்தன.

வேகம்: ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். முழங்கையிலிருந்து சுண்டுவிரலுக்கு வர ஒரு வருடத்துக்கு மேல். ஷ்வான் செல்லோ நெடுநாள் காத்திருக்காது. ஆக்ஸான் வராமல் மாதங்கள் போகப் போக, கூப்பிடுகிற பொருட்களைச் சுரப்பது குறைகிறது. செல்கள் சாகின்றன. குழாய் சுருங்கி நாராகிவிடுகிறது. அதற்குப் பிறகு ஆக்ஸான் வந்தாலும் பிடித்துக்கொள்ள வரிசை இல்லை. இந்தப் பழுதுபார்ப்புக்குக் கெடு தேதி உண்டு. இதைப் படித்த அன்றைக்கு நான் அழித்த தேடல் வரலாறும், அந்த நான்கு மாதமும் நினைவுக்கு வந்தன.

*

1873இல் நார்வேயின் பெர்கன் நகரில் ஆர்மவர் ஹான்சென் தொழுநோய்க் கிருமியைக் கண்டார். அப்போது பலரும் அது பரம்பரை நோய் என்றே நம்பினார்கள். அவருடைய மாமனார் டேனியல்சென் அந்த நம்பிக்கையின் பெரிய தலை. நூற்றைம்பது வருடம் ஆகியும், எங்கள் ஊரில் இன்றும் "ரத்தத்துல வர்றது" என்பவர்கள் உண்டு.

கிருமி சோம்பேறி. ஒன்று இரண்டாகப் பிரிய சுமார் இரண்டு வாரம். ஆய்வகத் தட்டில் இன்றுவரை வளர்க்க முடியவில்லை. உடம்பின் குளிர்ச்சியான இடங்கள்தான் அதற்குப் பிடிக்கும். பெரும்பாலானவர்கள் உடம்புக்குள் போனாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் அது நுழைகிற சிலரில், நேராகத் தேடிப் போவது ஷ்வான் செல்லைத்தான்.

ஏன் அந்தச் செல்? 1997–98இல் நியூயார்க்கில் அனுரா ரம்புக்கானாவும் உடன் ஆய்வாளர்களும் வழியைக் கண்டுபிடித்தார்கள். ஷ்வான் செல்லைச் சுற்றி லேமினின் என்ற புரதத்தாலான ஒரு படலம் உண்டு. நரம்பில் இருக்கும் லேமினினின் ஒரு பகுதியைக் கிருமி கைப்பிடியாகப் பிடித்துக்கொள்கிறது. செல்லின் மேல் இருக்கும் டிஸ்ட்ரோகிளைக்கன் வழியாக உள்ளே போகிறது. 2002இல் அதே குழு, கிருமி வெளியே ஒட்டிக்கொண்டாலே செல் தன் மயலின் உறையை இழப்பதை எலியில் காட்டியது. உறை போன செல்லுக்குள் கிருமிக்கு இன்னும் வசதி. 2013இல் வந்ததுதான் என்னைத் தூங்கவிடாத ஆய்வு. உள்ளே போன கிருமி, முதிர்ந்த ஷ்வான் செல்லின் அடையாளத்தையே அழித்து, மூலச்செல் மாதிரியான நிலைக்குக் கொண்டுபோய்விடுகிறது என்று எலிச் செல்களில் கண்டார்கள். அப்படி மாறிய செல் அலைந்து திரியும், வேறு திசுவாகவும் மாறும். கிருமியும் கூடவே பயணிக்கும்.

அதாவது, நரம்பைக் காப்பாற்றுவதற்காக அந்தச் செல்லுக்கு இருக்கும் ஒரே வித்தை, தான் யார் என்பதை மறந்து இளமைக்குத் திரும்புவது. கிருமி திருடிக்கொள்வது அதே வித்தையை.

மிச்ச நாசத்தைச் செய்வது நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி. கிருமியை அடிக்கப் போய் நரம்பை வீங்க வைக்கிறது. வீங்கிய நரம்பு இறுக்கமான உறைக்குள் ரத்தம் இல்லாமல் நெரிபடுகிறது.

*

இதெல்லாம் தெரிவதற்கு அரை நூற்றாண்டு முன்னால், எங்கள் வேலூரில் ஒருவர் வேறு பக்கத்திலிருந்து இதே கேள்விக்கு வந்து சேர்ந்தார். பால் பிராண்ட். மிஷனரி பெற்றோருக்குக் கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர். லண்டனில் அறுவை சிகிச்சை படித்துவிட்டு 1946இல் சிஎம்சிக்கு வந்தார். அடுத்த வருடம் தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். கொக்கியாக மடங்கிய கைகள். இத்தனை கைகளை ஏன் ஒரு எலும்பு மருத்துவரும் தொடவில்லை என்று பிராண்ட் கேட்டார். தொடுவதற்கு ஆள் இல்லை என்பதுதான் பதில். அங்கே ஒரு நோயாளியிடம் தன் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்த பிடியில் பிராண்டுக்கு வலித்தது. பிடித்தவருக்குத் தான் வலிக்க வைக்கிறோம் என்பதே தெரியவில்லை.

அந்தப் பிடியில் ஒரு சேதி இருந்தது. கை செத்துப்போகவில்லை. முன்கைத் தசைகள் நன்றாக இருக்கின்றன. உள்ளங்கையின் சின்னத் தசைகள் மட்டும்தான் போயிருக்கின்றன. ஏன்? இறந்தவர்களின் நரம்புகளைப் பிரித்துப் பார்த்தபோது வீக்கம் எல்லா இடத்திலும் இல்லை. முழங்கைக்குச் சற்று மேலே, மணிக்கட்டில், முழங்காலுக்கு வெளிப்பக்கம், கணுக்காலுக்குப் பின்னால் என்று நரம்பு தோலுக்கு அருகில் வந்து குளிர்கிற இடங்களில் மட்டும் இருந்தது. ஆழத்தில் சூடாக ஓடும் பகுதி பிழைத்திருந்தது. அதிலிருந்து கிளை வாங்கும் தசையும் பிழைத்தது. எது போகும், எது மிஞ்சும் என்பதற்கு ஒரு வரைபடம் கிடைத்துவிட்டது.

நரம்பை மீட்க வழி இல்லை. ஆனால் மிஞ்சிய தசையை வேலை மாற்றலாம். ஒரு முறையில், மோதிர விரலை மடக்கும் இரண்டு தசைநாண்களில் ஒன்றை எடுத்து, நான்காகக் கிழித்து, நான்கு விரல்களிலும் தைத்தார்கள். மடக்கிய நாண் இனி நிமிர்த்த வேண்டும். பிறகு நோயாளி மாதக்கணக்கில் பழக வேண்டும். மோதிர விரலை மடக்க நினைத்தால் எல்லா விரலும் எழும். 1948 முதல் இந்தச் சிகிச்சைகள் நடந்தன. 1951இல் சிஎம்சி வளாகத்தில் நவ ஜீவ நிலையம் என்ற குடிசைகளில், குணமானவர்கள் புதிய கையோடு தொழில் கற்றார்கள். 1955இல் கரிகிரியில் ஷீஃபெலின் தொழுநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. பிராண்டிடம் பயின்ற மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். ஷ்வான் செல் இல்லாத இடம் அது, வளரவே இல்லை. அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார்.

பிராண்டின் பெரிய கண்டுபிடிப்பு கத்தியால் செய்ததல்ல. விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்று டாக்டர்களே நம்பிய காலம். துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் தன்னால் திறக்க முடியாதபோது ஒரு சின்னப் பையன் வந்து சாவியைத் திருப்பித் திறந்ததையும், அவன் விரல் எலும்பு தெரிய அறுந்திருந்ததையும், அவனுக்கு அது தெரியவே இல்லை என்பதையும் பிராண்ட் எழுதியிருக்கிறார். ராத்திரி காணாமல் போன விரல்கள் எலி தின்றவை என்று கண்டுபிடித்து, வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். வலி இல்லாததுதான் நோய். விரல் போவது அதன் விளைவு.

*

பெரிய தாத்தாவின் கதையை அம்மா கரிகிரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில்தான் சொன்னாள். அவளுக்கு அவள் மாமியார் சொன்னது.

அவர் இளவயதில் ஒரு டேனரியில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்தார். தோலில் முடி கழல, சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, இறங்கிப் புரட்டிப் போட வேண்டும். மற்றவர்கள் கை எரிச்சலில் துடிப்பார்கள். இவர் நாள் முழுக்க நிற்பார். "இவன்தான்டா ஆம்பள. சுண்ணாம்பே இவனுக்கு ஒறைக்கல" என்று மேஸ்திரி மெச்சிக்கொள்வாராம். கூலி காலணா கூட்டிக்கூட கொடுத்தார்கள். உணர்ச்சி போனதைத் தைரியம் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவருமே நினைத்திருப்பார்.

விரல் மடங்க ஆரம்பித்ததும் மேஸ்திரிக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தவர் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டார். மூன்று வருடம். அந்தத் துண்டை எடுத்தால் தம்பி கல்யாணம் நின்றுவிடும். தம்பி என்பது என் சொந்தத் தாத்தா. கல்யாணம் முடிந்த மறுவாரம் அவர் கரிகிரிக்கு நடந்தே போனார். பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள்.

"அவர் காத்துக்கினு இருந்த கல்யாணத்துலதான் உங்கப்பா பொறந்தாரு, நீ பொறந்த" என்றாள் அம்மா. "ராத்திரி பூரா அதான் ஓடிக்கினு இருந்துச்சு. இன்னொரு கல்யாணத்துக்கு இன்னொரு கையா?"

அந்தக் காலத்தில் டாப்சோன் மாத்திரை வந்துவிட்டது, கிருமியைக் கொல்லும். வீங்கிய நரம்பைக் காப்பாற்றும் வழி இன்றுபோல் தெளிவாகவில்லை. அதனால் அவர் உடனே போயிருந்தால் கை பிழைத்திருக்கும் என்று என்னால் கணக்குப் போட முடியாது. மூன்று வருடத்தில் அந்தக் குழாய்களுக்குள் ஷ்வான் செல்கள் என்ன ஆகியிருக்கும் என்பதை மட்டும் போட முடியும். அவருக்குக் கிடைத்தது வேலை மாற்றிய நாண்கள். டம்ளர் பிடிக்கவும் எனக்குப் பம்பரம் சுற்றிக் கொடுக்கவும் அது போதுமாக இருந்தது.

அந்தச் செருப்பும் அங்கே பிறந்ததுதான். உணர்ச்சி இல்லாத கால், ஒரே இடத்தில் விழும் அழுத்தத்தை மாற்றிக்கொள்ளாது. நமக்கு வலித்தால் நாம் அறியாமலே கால் மாற்றி நிற்போம், நொண்டுவோம். அவர்கள் அதே புள்ளியில் மிதித்துக்கொண்டே போவார்கள், அது புண்ணாகும். ஆகவே அழுத்தத்தைப் பரப்பித் தாங்கும் நுண்ணறை ரப்பர், ஷோர் அளவில் சுமார் 15. ஆணி கூடாது, குத்தினால் தெரியாது. கழன்று விழுந்தாலும் தெரியாது, அதனால் பின்வார். நரம்பு செய்யவேண்டிய வேலையை ஒரு செருப்பு செய்தது. இன்று சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள் அதே ரப்பரை, கொஞ்சம் அழகான பட்டையோடு, கடையில் காசு கொடுத்து வாங்கிப் போடுகிறார்கள். அவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

*

என் சிகிச்சை ஆறு மாதம். இலவசம். மாதம் ஒரு நாள் ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படத் தேவையில்லை. முதல் தவணையிலேயே மற்றவர்களுக்குப் பரவுவது நின்றுவிடும். வீட்டில் எல்லாருக்கும் தடுப்பாக ஒரே ஒரு வேளை மாத்திரை. நரம்பு வீக்கத்துக்குப் பிரெட்னிசலோன், மெதுவாகக் குறைத்துக்கொண்டே. முகம் பூசணிக்காய் ஆனது. "ஆறு மாசத்துக்குள்ள வந்துட்டீங்க, அதான் நம்பிக்கை" என்றார் டாக்டர். "உறை மட்டும் போயிருந்தா சில வாரத்துல வந்துரும். நாரும் போயிருந்தா, நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்."

பெரிய தாத்தாவிடமிருந்து வந்ததா என்று கேட்டேன். குணமாகி நாற்பது வருடம் ஆனவரிடமிருந்து வராது, எங்கிருந்தென்று தேடுவதும் வீண் என்றார். இந்தியாவில் இன்றும் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டறிகிறார்கள், உலகத்தில் பாதிக்கு மேல். 2005 முடிவில் பத்தாயிரத்துக்கு ஒருவருக்கும் கீழே இறங்கியதை "ஒழிப்பு" என்று அறிவித்தார்கள். அந்த வார்த்தையை நம்பித்தானோ என்னவோ பெங்களூர் டாக்டருக்கும் அது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தொழுநோயாளிகளைப் பிடித்து அடைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோய் ஒரு விவாகரத்துக் காரணம் என்பது 2019 வரை சட்டத்தில் இருந்தது.

பெண் வீட்டில் நானே போய்ச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து ஜாதகம் பொருந்தவில்லை என்று தகவல் வந்தது. ஏற்கெனவே ஒன்பது பொருத்தம் பார்த்து முடித்த ஜாதகம். எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த இரண்டு நாளும் மாத்திரையை நிறுத்தாமல் போட்டேன். வெட்கப்பட்டுக் காத்திருக்க நமக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். ஷ்வான் செல்லுக்கு இல்லை.

கரிகிரியில் உணர்ச்சியைச் சோதிக்க வண்ண வண்ண நைலான் இழைகள் வைத்திருக்கிறார்கள். கண்ணை மூடச்சொல்லி, தடித்ததிலிருந்து மெல்லியதுவரை தோலில் அழுத்துவார்கள். தெரிந்த இடத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும். முதல் தடவை சுண்டுவிரலில் மிகத் தடித்தது மட்டும் தெரிந்தது. பதினான்கு மாதம் கழித்துப் போனேன். அம்மாவும் கூட வந்தாள். கண்ணை மூடிக்கொண்டேன். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு விரல் நுனியில், எறும்பு ஒன்று நின்று யோசிக்கிற மாதிரி, ஏதோ ஒன்று.

"இங்க" என்றேன்.

"எந்த எழைங்க?" என்று அம்மா டாக்டரிடம் கேட்பது காதில் விழுந்தது. கடைசிக்கு முந்தினது என்றார் அவர். கடைசி இழை தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை. டீ டம்ளரை இடது கையில் வாங்கும்போது, துண்டு தேவைப்படாவிட்டாலும், ஒரு நொடி தயங்கித்தான் வாங்குகிறேன். சுடுகிறது.